ஆராய்ச்சிப் பன்மையும் அளவை வரம்பும்

இந்நாளில் ஆராய்ச்சித் துறைகள் பல்கிப் பெருகியுள்ளமை யாவரும் அறிந்ததே. முற்காலத்து ஐரோப்பியர் இயற்கைத் தத்துவம் என்னும் ஒரு பெயரானே வழங்கிய கல்வி இன்று பௌதிகம், இரசாயனம், உயிர்நூல், நிலநூல், வானநூல் எனப் பிரிந்து, பிரிந்தன ஒவ்வொன்றும் மேலும் பலவாய்க் கிளைத்து நிற்கின்றது. மொழிநூல், வரலாறு, கல்வெட்டு, அகழாய்வு, சமூகநூல், மெய்ந்நூல் என மக்களைப் பற்றிய கல்வியும் அவ்வாறே விரிந்துளது. ஒரு துறையில் ஆழ்ந்தார் அடுத்த துறையார் பேசுவதனை உணரமாட்டாமை இன்று இயல்பாயிற்று. 1959ஆம் ஆண்டிற் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற் சொற்பொழிவாற்றிய சி. பி. ஸ்நோ என்பார், இயற்கைநூல் வல்லாரும் இலக்கியப் புலவரும் ஒருவர் கூற்றை ஒருவர் அறியாத இருவேறு கூட்டத்தாராய்ப் பிரிந்தமை குறித்து வருந்தினார். இன்று அக்கூட்டங்கள் இரண்டோடு நிற்கவில்லை.

இப்பன்மையைச் சைவ நன்மக்கள் எங்ஙனம் கொள்ளற்பாலர் என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள். இதுபற்றி நம்மவருள் மூன்று கருத்துக்கள் வழங்கக் கேட்கின்றோம். இவ்வாராய்ச்சிகள் யாவும் பாசஞானமே, வீடுபேற்றிற்கு உதவாதன, ஆதலின் அவற்றை நாம் பொருட்படுத்தல் வேண்டா என்பார் ஒரு சாரார். இவர்கள் புதிதாய்க் கண்டதாகக் கூறுவன யாவும் நம் ஆகமங்களில் முன்னரே உள்ளன. ஆதலின் நாம் கற்கவேண்டுவது ஒன்றுமில்லை என்பார் மற்றொரு சாரார். கருவிகொண்டு அளந்து காட்டப்படுவதே உண்மை. ஏனைய சாத்திரங்கள் எல்லாம் பழங்கதை என்பார், சைவக் குடியிற் பிறந்தும் புதுக்கல்வியான் மயங்கிய பிறிதொரு சாரார். இம்மூன்றும் தம்முள் முரணின போலத் தோன்றினும் ஒரே பிழையினின்றும் பிறந்தனவாம். அஃதாவது, ஒரு பொருட்கு உரிய அளவையைப் பிறிதொரு பொருளின்மேல் ஏற்றித் தீர்ப்பிடுதல். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் உயிரறிவின் இயல்பை நோக்குவாம். உயிர் அறிவுடைப் பொருளே. எனினும் தானே அறியும் அறிவன்று, அறிவிக்க அறியும் அறிவு. கண்ணுக்குக் காணும் ஆற்றல் உண்டாயினும் கதிரவன் ஒளி கூடாதவழி அது காணாதவாறு போல, உயிரும் காட்டுவானை இன்றிக் காணாது. அன்றியும், ஐம்பொறியுள் ஒன்று அறிந்ததனை மற்றொன்று அறியமாட்டாது. கண் ஓசையை அறியாது. செவி நிறத்தை அறியாது. அவற்றின் வாயிலாக ஒவ்வொன்றாக அறிந்து, அறிந்தவற்றைக் கூட்டி நோக்குவது உயிரே என்பது மெய்கண்ட தேவர் நிறுவிய முடிபு. எல்லாவற்றையும் ஒருங்கே ஓதாதுணரும் பேரறிவு பதி ஒன்றற்கே உரித்து. உயிரின் அறிவு ஒவ்வொன்றாகவே நிகழ்வது.

தனி உயிர்க்கு உரிய இவ்வியல்பு உயிர்களின் கூட்டத்திற்கும் உரித்தாதல் வெளிப்படை. உலகை முழுவதும் ஒருங்கே அறியமாட்டாத சிற்றறிவினர் பலர் கூடி அதனை அறிய முயலுங்கால், அம்முயற்சி பல துறைகளாய்ப் பிரிந்தே நடத்தல் வேண்டும். ஆதலின் ஆராய்ச்சிப் பன்மை அறிவின் சிதைவன்று. சிற்றறிவு மெய்யை நாடிச் செல்லும் ஒரே வழி அதுவே. ஐம்பொறி பலவாதலைக் குறையென்று கண்ணைக் குத்திக்கொள்வார் இலர். துறைகள் பலவாதலையும் அங்ஙனமே குறையென்று கூறலாகாமை உணர்க.

இனி, அளவையை நோக்குவாம். அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரின் தொடக்கத்தே பொருளை ஆராயப் புகுமுன் அளவையை ஆராய்ந்தார். பிறர் கூறும் பத்து அளவைகளையும் எண்ணி, அவையெல்லாம் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என முடித்தார். காட்சியுள்ளும் இந்திரியக் காட்சி, மானதக் காட்சி, தன்வேதனைக் காட்சி, யோகக் காட்சி என நான்கு வகுத்துக் கூறுவர். எதனான் அறிகின்றோம் என்பதனை அறியாது எதனை அறிந்தோம் என்று கூறுதல் இழுக்கு என்பது ஆசிரியர் கருத்தாதல் இவ்வைப்பு முறையானே பெறப்படும். அளவை பலவாதல் பொருள் பலவாதலான் வந்தது. நெற்பொலியை நாழியான் அளப்பர். நிலத்தைக் கோலான் அளப்பர். நாழியால் நிலத்தை அளக்கப் புகுவாரைக் கண்டால் நகுவர். அறிவுத்துறையில் அங்ஙனம் அளக்கப் புகுவாரைக் காணின் நகுவார் இல்லை. அவரைப் பேரறிஞர் என்று போற்றுவாரும் உளர். இதுவே வருந்தத்தக்கது.

இவ்வுண்மையைச் சேய்மை நாட்டு எடுத்துக்காட்டுக்களை நாடாது, யாம் வாழும் வீரபாண்டியைச் சூழ்ந்த நிலத்தையே கொண்டு காட்டுவாம். முல்லையாற்றங் கரையில் அமைந்த இவ்வூர் கௌமாரியம்மன் திருக்கோயிலானும் கண்ணீசுவரமுடையார் திருக்கோயிலானும் பெயர்பெற்றது. ஊழ்வினையான் இருகண் ஒளியும் இழந்த பாண்டியன் ஒருவன், ஈண்டுக் கௌமாரியை வழிபட்டு ஒரு கண்ணும், கண்ணீசுவரமுடையாரை வழிபட்டு மற்றொரு கண்ணும் பெற்றான் என்பது தலவரலாறு. இருகண்ணும் அவனுக்கு ஒரே வாயிலான் வந்தில. இவ்வூரினின்று நோக்குவார்க்கு நாற்றிசையும் ஒவ்வோர் ஆராய்ச்சிக்கு நிலைக்களனாய் உள்ளமை புலனாம்.

வடக்கே பழனிமலைத் தொடரிற் கோடைக்கானல் உளது. ஆண்டு 1899ஆம் ஆண்டில் ஞாயிற்றை ஆராயும் நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. 1876ஆம் ஆண்டிற் றொடங்கிச் சென்னை மாகாணத்தை வாட்டிய தாதுவருடப் பஞ்சத்தின்பின், மழை பொய்த்தற்கும் ஞாயிற்றின்கண் நிகழும் மாற்றங்கட்கும் இயைபு உண்டோ என அறியும் விழைவும் அந்நிலையம் தோன்றற்கு ஒரு காரணமாயிற்று. 1909 சனவரியில் ஜான் எவர்ஷெட் என்னும் ஆங்கிலேயர், ஞாயிற்றுப் புள்ளிகளின் புறவிளிம்பினின்று வந்த ஒளியை நிறமாலையாகப் பகுத்து, அதன் கோடுகள் தம் இடத்தினின்றும் சிறிது விலகிநிற்றலைக் கண்டார். அவ்விலக்கத்தைக் கொண்டு, ஆண்டுள்ள வாயு புள்ளியின் நடுவினின்றும் வெளிநோக்கிப் பாய்கின்றது என்று கருதியுணர்ந்தார். அவ்வியக்கம் இன்றும் அவர் பெயரானே வழங்கப்படுகின்றது. நூறாண்டிற்கு மேலாக நாடோறும் எடுத்த ஞாயிற்றின் ஒளிப்படங்கள் அந்நிலையத்தே திரண்டுள்ளன. அவற்றை எடுத்தாருட் பலர் அவற்றின் முழுப்பயனைத் தாம் காணமாட்டார் என்பதை அறிந்தே எடுத்தனர். இஃது ஒருவகை நோன்பு என்றே யாம் கருதுகின்றோம்.

வடகிழக்கே வைகைக் கரையில் ஆண்டிபட்டி வட்டத்தைச் சார்ந்த புலிமான்கோம்பை உளது. 2006ஆம் ஆண்டிற் றஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அவ்வூரிற் பழந்தமிழ் எழுத்துப் பொறித்த நடுகற்கள் மூன்று கண்டனர். எழுத்தமைதி கொண்டு அவை கிறித்துவுக்கு முற்பட்டன என்பர் அவற்றை ஆராய்ந்தோர். அவற்றுள் ஒன்று ஆகோளில் இறந்துபட்ட ஒருவனுக்கு எடுத்தது. அதனிற் கூடலூர் என்னும் ஊர்ப்பெயரும் வருகின்றது. ஆகோள் என்பது தொல்காப்பியர் வெட்சித் திணைக்கு ஓதிய துறைகளுள் ஒன்றாதல் புலவர் அறிவர். ஏட்டிலே இலக்கணச் சொல்லாய்ப் பயின்ற ஒன்று, உயிர்நீத்தான் ஒருவன் நினைவாக நட்ட கல்லிலே வாழ்க்கைச் சொல்லாய் நின்றது. கல்லின் இயல்பை நிலநூலார் கூறுவர். எழுத்தின் காலத்தைக் கல்வெட்டறிஞர் கூறுவர். சொல்லின் பொருளை இலக்கணப் புலவர் கூறுவர். இவருள் ஒருவர் இல்லையேல் அக்கல் பாதி ஊமையாம். இலக்கணப் புலவர் தம் நூலறிவொன்றே கொண்டு அதன் காலத்தை வரையறுப்பாராயினும், கல்வெட்டறிஞர் திணைத்துறை அறியாது அதன் பொருளை உரைப்பாராயினும், இருவரும் வழுக்குவர்.

தெற்கே சின்னமனூர் உளது. அவ்வூரிற் கிடைத்த பாண்டியர் செப்பேடுகள் வரலாற்றறிஞர் நன்கறிந்தவை. பெரிய செப்பேட்டின்கண், பாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதும் மதுரையிற் சங்கம் வைத்ததும் பாண்டியர் முன்னோர் செயலாகக் கூறப்பட்டுள்ளன. இதனைக் கொண்டு சங்கத்தின் காலத்தையும் இயல்பையும் வரையறுக்க முயன்றோர் பலர். ஆயினும் செப்பேட்டு மெய்க்கீர்த்தி அரசன் புகழ் விரிக்க எழுந்தது. அது சான்று பகர்வது, எழுதிய காலத்தார் தம் முன்னோரைப் பற்றி யாது கருதினர் என்பதற்கேயாம். முன்னோர் செய்ததற்கு அது நேர்ச்சான்று ஆகுமோ என்பது வேறு ஆராய்ச்சி. உரையளவையுள்ளும் இங்ஙனம் வேறுபாடு உண்டு.

அதற்கும் தெற்கே கம்பத்தின் பன்னீர்த் திராட்சை 2023ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்றது. ஒரு கனிக்கு அக்குறியீடு பெறல் எளிதன்று. அம்மண்ணும் நீரும் காற்றும் அக்கனிக்குத் தந்த தனிப்பண்பு யாது எனத் தோட்டக்கலை வல்லார் கூறல் வேண்டும். அஃது அவ்விடத்துத் தொன்றுதொட்டு விளைந்தமைக்கு வரலாற்றுச் சான்று வேண்டும். அதன் உரிமை எல்லையைச் சட்டம் வல்லார் வரைதல் வேண்டும். இவற்றிற்கெல்லாம் அடிப்படையாகக் கொடியொடு பழகிய வேளாண் மக்களின் வாய்மொழி வேண்டும். ஒரு குலைத் திராட்சைக்கே இத்துணை அளவைகள் வேண்டப்படுமாயின், உயிர், உலகு, இறை என்னும் பெரும்பொருள்கட்கு ஓர் அளவையே அமையும் என்பார் கூற்று எத்துணைப் பொருத்தமுடைத்து என்பதனை அறிஞர் ஓர்வாராக.

இவையெல்லாம் அமைதியான எடுத்துக்காட்டுக்கள். அளவை மயக்கம் பெரும்பூசலாய் விளைந்த எடுத்துக்காட்டு எமக்கு மேற்கே உளது. அதனைச் சிறிது விரிவாகக் கூறுதும்.

நியூட்ரினோ என்பது மின்னேற்றம் இல்லாத நுண்ணிய துகள். ஞாயிற்றினின்றும் விண்ணினின்றும் இடையறாது வந்து, நம் உடலையும் மலையையும் நிலவுலகு முழுவதையும் ஊடுருவிச் செல்வது; செல்லும் வழியிற் பெரும்பாலும் எதனையும் தாக்காதது. அத்தகைய துகள் ஒன்று இருத்தல் வேண்டும் என 1930ஆம் ஆண்டிற் கருதலளவையான் உரைத்தவர் பவுலி என்பார். அணுவின் சிதைவில் ஆற்றல் ஒரு பகுதி மறைதலைக் கண்டு, மறைந்ததனைக் கொண்டுசெல்வது ஒன்று உண்டு என அவர் துணிந்தார். 1956ஆம் ஆண்டிற்றான் ரெய்ன்ஸ், கோவன் என்னும் இருவர் அதனைச் சோதனையான் உறுதிப்படுத்தினர். அக்காலத்தும் அதனை நேரே கண்டாரில்லை. அது வேறொன்றைத் தாக்கியவழி விளைந்த காரியத்தையே கண்டனர். புகையான் நெருப்பை உணர்தல் போன்ற காரியவேது என நம் நூல்கள் கூறுவது இதுவே. நம் நாட்டிலும் 1965ஆம் ஆண்டிற் கோலார்த் தங்கச்சுரங்கத்தின் ஆழத்தே, விண்கதிர்கள் வளிமண்டலத்திற் றோற்றுவிக்கும் நியூட்ரினோக்களின் விளைவை ஆராய்ச்சியாளர் கண்டனர். உலகில் அதனை முதன்முதற் கண்டார் வரிசையில் அவரும் ஒருவர்.

அவ்வாராய்ச்சியைத் தொடரும்பொருட்டுப் பெரிய ஆய்வகம் ஒன்று அமைக்க விழைந்தனர். நீலகிரியிற் சிங்காரா என்னும் இடத்தை முதலில் நாடினர். முதுமலைக் காட்டையும் ஆண்டு வாழும் விலங்குகளையும் கருதி 2009ஆம் ஆண்டில் அதற்கு இசைவு மறுக்கப்பட்டது. பின்னர்த் தேனி மாவட்டத்துப் போடி மேற்குமலையடியிற் பொட்டிப்புரம் தேர்ந்தெடுக்கப்பட்டது. மலையைக் குடைந்து ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளச் சுரங்கவழி அமைத்து, அதன் முடிவிற் குகையொன்று அகழ்ந்து, 50,000 டன் காந்தமேற்றிய இரும்பாலாய கருவியை வைத்தல் கருத்து. மேலுள்ள பாறை ஏனைய விண்கதிர்த் துகள்களைத் தடுக்கும். நியூட்ரினோ மட்டும் ஊடுருவி வரும். இரும்பை அது தாக்குங்கால் விளைவதனைக் கருவி பதியும். 2015 சனவரியில் நடுவண் அமைச்சரவை இதற்கு ஒப்புதல் அளித்தது. அவ்வாண்டு மார்ச்சிலேயே உயர்நீதிமன்றத்து மதுரைக் கிளை, மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு பெறுங்காறும் பணி தொடங்கலாகாது என்றது. 2017ஆம் ஆண்டிற் றேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் இசைவை நிறுத்திவைத்தது. 2018ஆம் ஆண்டில் நடுவண் அமைச்சகம் மீண்டும் இசைவளித்தது. 2022 பிப்ரவரியிற் றமிழக அரசு, புலிகள் இயங்கும் வழியும் மேற்குமலைத் தொடரின் உயிர்வளமும் கெடும் என்று காட்டி, இசைய இயலாது என உச்சநீதிமன்றத்தே உரைத்தது. அவ்வாய்வகம் எழவில்லை. மதுரையை அடுத்த ஆய்வுநிலையத்திற் சிறுவடிவினதாகிய கருவி ஒன்று மட்டும் அமைந்து இயங்கிற்று.

இப்பூசலில் இருபாலார் கூற்றையும் கேட்டு வந்த யாம் கண்டது ஒன்று உண்டு. ஊர்மக்கள் வினவியவை, பாறையை வெடிவைத்துப் பிளக்குங்கால் எம் கிணறும் ஊற்றும் என்னாம், ஆடுமாடு மேயும் புறம்போக்கு என்னாம், காடு என்னாம், அகழ்ந்தெடுக்கும் பாறைத்தூள் யாண்டுச் சேரும் என்பன. இவற்றிற்கு விடையாக ஒரு சாரார் நியூட்ரினோ எவர்க்கும் தீங்கு செய்யாது என்றனர். அஃது உண்மையே, ஆயினும் கேட்ட வினாவிற்கு விடையன்று. துகளின் இயல்பை அறியும் அளவை வேறு; வெடியான் நிலநீர் அடையும் மாற்றத்தை அறியும் அளவை வேறு. முன்னையதில் வல்லார் பின்னையதற்கும் வல்லார் ஆகார். எதிர்ப்பக்கத்துச் சிலரோ, அத்துகளே நஞ்சு, அது வந்து மக்களை அழிக்கும் என்று பரப்பினர். காட்டின்பால் அன்பும் ஊரின்பால் அச்சமும் உண்மையாதல் பற்றி, துகளைப்பற்றிக் கூறிய பொய் மெய்யாகிவிடாது. அவர் தம் நிலத்தை அறிந்த அறிவான் அணுவைத் தீர்ப்பிட்டார். இவர் அணுவை அறிந்த அறிவான் நிலத்தைத் தீர்ப்பிட்டார். இருபாலும் நேர்ந்த பிழை ஒன்றே.

அற்றேல், இத்தகைய இடத்து முடிவு கூறுவார் யாவர் எனின், கூறுதும். உள்ளது யாது என்னும் வினாவும் செய்யற்பாலது யாது என்னும் வினாவும் தம்முள் வேறு. முன்னையதற்கு அப்பொருளை அறியும் அளவையிற் பயின்றோரே விடைகூற உரியர். அதனைக் கூட்டத்தின் தொகையானோ குரலின் வலியானோ தீர்த்தல் இயலாது. பின்னையதற்கோ அச்செயலின் பயனைத் துய்ப்பாரும் துன்பைத் தாங்குவாரும் ஆகிய யாவரும் உரியர். அவ்வவையிற் பௌதிக வல்லாரும் ஒருவராய் இருப்பரேயன்றித் தலைவராய் இரார். மெய்யை நாடும் முயற்சி உயர்ந்ததே. எனினும் அவ்வுயர்வு பற்றிப் பிறர் நிலத்தையும் நீரையும் அவரைக் கேளாது கொள்ளும் உரிமை எவர்க்கும் உண்டாகாது. அங்ஙனமே, தம் நிலத்தைக் காத்தல் அறமே. எனினும் அவ்வறம் பற்றி ஆராயாது ஒன்றைப் பொய்யாகக் கூறும் உரிமையும் எவர்க்கும் உண்டாகாது. இவ்விரண்டனையும் ஒருங்கு கொள்வாரே நடுவு நின்றவர் ஆவர்.

இனி, தொடக்கத்துக் கூறிய மூன்று கருத்துக்களையும் ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்வாம்.

ஆராய்ச்சிகள் பாசஞானம் ஆதலின் வீண் என்பது முதற்கருத்து. அவை பாசஞானம் என்பதனை யாம் மறுத்திலம். ஆயினும் தனு, கரணம், புவனம், போகம் என்பனவற்றை உயிர்கட்கு ஈந்தவன் இறைவனே என்பதும், மூலமல இருளிற் கிடந்த உயிர்க்குக் கலை முதலிய தத்துவங்கள் விடியுங்காறும் விளக்காய் நின்று உதவும் என்பதும் நம் சாத்திரத் துணிபன்றோ? ஞாயிறு எழுந்தபின் விளக்கு வேண்டா என்பது உண்மை. அதுபற்றி நள்ளிரவில் விளக்கை ஊதியணைப்பான் ஞாயிற்றின்பால் அன்புடையான் ஆகான். இருளின்பால் அன்புடையானே ஆவான். திருவாவடுதுறை ஆதீனத்து மாதவச் சிவஞான யோகிகளை நினைமின். சிவஞானபோதத்திற்கு மாபாடியம் கண்ட அப்பெரியாரே தொல்காப்பியத்திற்குச் சூத்திர விருத்தியும் இயற்றினார். தருக்க சங்கிரகத்தையும் தமிழிற் றந்தார். எழுத்திலக்கணமும் தருக்கமும் பாசஞானம் என்று அவர் ஒதுக்கினாரல்லர். அன்றியும், ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடம் தெளியும் துறையும் புறத்துறைகளுள் ஒன்றே. 1955ஆம் ஆண்டிற் றொடங்கிய புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தார் அத்துறை வழியே சைவாகமச் சுவடிகளைத் தேடித் தொகுத்துப் பல ஆகமங்களைப் பதிப்பித்தனர். புதுச்சேரியிற் றிரண்ட அச்சைவச் சுவடித் தொகுதி 2005ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக நினைவேட்டில் இடம்பெற்றது. அப்பதிப்புக்களை மடியில் வைத்துக்கொண்டே ஆராய்ச்சி வீண் என்று கூறுவது நன்றி மறத்தலாம்.

எல்லாம் ஆகமத்தில் முன்னரே உள்ளன என்பது இரண்டாவது கருத்து. இது சாத்திரத்தை உயர்த்துவது போலத் தோன்றித் தாழ்த்துவதாகலின் மிக அஞ்சத்தக்கது. ஆகமம் நுதலிய பொருள் பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளும், உயிர் வீடுபெறும் நெறியுமாம். அதனிடத்து அணுத்துகளின் எடையைத் தேடுவது, மருத்துவனிடம் சென்று மாட்டுக்கு விலை கேட்பது போலும். முன்னரே இருந்ததாயின், பிறர் கண்டு கூறுமுன் அதனை எடுத்துக் காட்டினார் ஒருவரும் இல்லாமை என்னை? இன்னுமொன்று காண்க. நியூட்ரினோவிற்கு எடையே இல்லை என்று பௌதிக நூலார் நெடுங்காலம் கொண்டிருந்தனர். 1998ஆம் ஆண்டில் யப்பானியர் ஆய்வகம் ஒன்றில் அஃது ஒருவகையினின்றும் மற்றொரு வகையாய் மாறுதல் காணப்பட்டது. அம்மாற்றத்தான் அதற்கு மிகச் சிறிய எடையேனும் உண்டு என்பது துணியப்பட்டது. அம்மாற்றத்தை நிறுவியதற்காகக் கஜிட்டா, மக்டொனால்டு என்னும் இருவர்க்கு 2015ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கினர். 1998க்கு முன்னர் ஒருவர், எடையற்ற நுண்பொருள் என நம் நூலிற் கூறியது இதுவே என்று பொருந்த உரைத்திருப்பாராயின், பின்னர் அவர் யாது செய்வர்? சாத்திரத்தின் பொருளைத் திருத்துவரோ? இயற்கைநூல் தன் முடிபை மாற்றிக்கொள்வது அதற்குப் பெருமை. அதனொடு பிணிக்கப்பட்ட சாத்திரம் ஒவ்வொரு முறையும் உடன் மாறவேண்டின் அதற்கு அது சிறுமை. மெய்ச்சாத்திரத்தின்பால் அன்புடையார் அதனை இங்ஙனம் காற்றாடியின் வாலிற் கட்டிவிடார்.

கருவியான் அளக்கப்படுவதே உண்மை என்பது மூன்றாவது கருத்து. இவர்க்கு யாம் வினவுவது ஒன்றே: கருவியான் அளக்கப்படுவதே உண்மை என்னும் இவ்வுரையை எக்கருவியான் அளந்தீர்? அளந்திலராயின் நும் கொள்கையாலேயே நும் கொள்கை வீழ்ந்தது. தன் உள்ளத்து எழும் இன்பமும் துன்பமும் ஒருவனுக்குத் தன்வேதனைக் காட்சியான் விளங்குவன. மூளையின் இயக்கத்தைக் கருவி காட்டும். மகனை இழந்த தாயின் துயரை அக்கருவி துயராக அறியாது. புலிமான்கோம்பைக் கல்லைப் பொடித்து அதன் அணுக்களை எல்லாம் எண்ணினும், ஆகோள் என்னும் சொல்லின் பொருள் அப்பொடியுள் அகப்படாது. கருவியின் வரம்பைக் கூறுதல் கருவியைப் பழித்தல் ஆகாது. தன் வரம்பை முதலில் ஒப்புபவர் மெய்யாய இயற்கைநூல் வல்லாரே. வரம்பின்றிப் பேசுவார் பெரும்பாலும் அவர்தம் நூலைப் புறத்தே நின்று கேட்டவராயிருத்தல் காண்கின்றோம்.

அற்றேல், ஒவ்வொரு துறையும் தன் அளவையுள்ளே நிற்குமாயின் பன்மைக்கு ஒருமை யாண்டையது, அறிவு துண்டுதுண்டாய்ப் போகாதோ என்பார்க்குக் கூறுதும். ஒருமை அளவையிற் றேடற்பாலதன்று. பொருளிடத்தும் அறிவானிடத்தும் அதனைத் தேடுக. நடுகல் ஒன்றே, அதனை நோக்கிய துறைகள் மூன்று, மூன்றும் அக்கல்லினிடத்தே கூடின. கண்ணும் செவியும் தம்முட் பேசிக்கொள்ளாவேனும் உயிர் அவற்றைக் கூட்டி ஒரு பொருளாய் உணர்கின்றது. அதுபோலத் துறைகளைக் கூட்டுவது ஒருவர் கூற்றை ஒருவர் செவிமடுக்கும் மக்களின் கூட்டமே. அச்செவிமடுத்தல் இல்லாதவழித் துறைகள் பலவாதல் தீங்காய் முடியும். உள்ளவழி நலமாய் முடியும். ஆதலின் கடியப்படுவது பன்மையன்று. என் அளவையே அளவை என்னும் செருக்கே கடியப்படுவது. அதனை நம் நூல்கள் ஆணவத்தின் காரியம் என்னும். இவ்வாணவம் ஆய்வுக்கூடத்தில் மட்டும் வாழ்வதன்று. நீதிமன்றத்தும் சட்டமன்றத்தும் வாழும். மடத்துத் திண்ணையிலும் வாழும்.

பிறர் கூற்றைச் செவிமடுக்கும் நெறி நமக்குப் புதிதன்று. அருணந்தி சிவாசாரியர் சுபக்கம் கூறுமுன் பரபக்கம் கூறினார். உலகாயதர் முதலாகப் பிறர் மதங்களை அவரவர் வாய்மொழியானே நிறுத்திப் பின்னரே மறுத்தார். திருவாவடுதுறை மடத்தின் நிழலில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாடங்கேட்ட உ. வே. சாமிநாதையர், சமண காவியமாகிய சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கப் புகுந்தபொழுது, சமண நூற்பொருளைத் தம் சைவ நூலறிவு கொண்டு ஊகித்து எழுதினாரல்லர். கும்பகோணத்து வாழ்ந்த சமணர் இல்லங்கட்குச் சென்று, அவர் சமய வழக்கை அவர் வாய்க் கேட்டுத் தெளிந்து, 1887ஆம் ஆண்டில் அந்நூலை வெளியிட்டார். அதனால் அவர் நெறி கெட்டதும் இல்லை. மடத்தின் பெருமை குறைந்ததும் இல்லை. அப்பொருட்கு உரிய உரையளவை அவரிடத்தே உளது என்று அறிந்து ஆண்டுச் சென்றமையே அப்பதிப்பைச் சிறப்பித்தது.

இவ்வளவும் கூறியதன் பயனாக நம் கடமைகள் சிலவற்றைக் குறித்து அமைவாம். முதலாவது, திருக்கோயிற் றிருப்பணி பற்றியது. குடமுழுக்கின்பொருட்டுக் கற்சுவரைத் தூய்மை செய்யுங்கால், மணலை விசைகொண்டு வீசித் தேய்த்தலானும், சுண்ணமும் வண்ணமும் அப்புதலானும் கல்லெழுத்துக்கள் அழிந்தொழிதல் பலவிடத்தும் நிகழ்ந்துளது. அன்பு மிகுதியாற் செய்வாரே இதனைச் செய்கின்றனர். ஆயினும் அச்சுவரைத் தூய்மை என்னும் ஓர் அளவையான் மட்டும் நோக்கியமையின், இறைவற்கு விளக்கிற்கும் அமுதிற்கும் நிலம் ஈந்த அடியாரின் பெயர் அவ்வடியார் வழிவந்தார் கையாலேயே அழிகின்றது. திருப்பணி தொடங்குமுன் கல்வெட்டறிந்தார் ஒருவரை அழைத்துப் படியெடுப்பித்தல் பெருஞ்செலவன்று. சில நாட் பணியே. இதனை ஒவ்வோர் ஆதீனமும் தன் ஆட்சிக்குட்பட்ட கோயில்களில் முறையாக்குதல் வேண்டும்.

இரண்டாவது, மடங்களிற் சாத்திரம் பயிலும் மாணவர் தமக்குப் புறமான துறை ஒன்றன் அளவையையேனும் அடிப்படை தோறும் கற்றல் வேண்டும். அது கல்வெட்டாயினும் ஆகுக, வானநூலாயினும் ஆகுக, பயிர்நூலாயினும் ஆகுக. பிறிதோர் அளவையிற் சிறிது பயின்றார்க்கே தம் அளவையின் எல்லை புலனாம். மூன்றாவது, மேடையிலும் ஏட்டிலும் பேசுவார், இஃது எம் நூல் கூறுவது, இஃது எம் கருத்து, இஃது எம் துறைக்கு அப்பாற்பட்டது என்று பிரித்துரைக்கும் ஒழுக்கத்தை மேற்கொள்ளல் வேண்டும். அப்பாற்பட்டது என்று கூறுதல் புலமைக்கு இழுக்கென்று நம்மவர் கருதுவது பெரும்பான்மை. அளவைநூலை முதலிற் கற்பித்த மரபில் வந்தார்க்கு அது இழுக்காமாறு இல்லை.

எல்லாவற்றையும் ஒருங்கறிவான் ஒருவனே. அவனல்லாத நாம் ஒவ்வொருவரும் சிறிது அறிவோம். அறிந்ததனை ஒருவர்க்கொருவர் காட்டி வாழ்வோம். கோடைக்கானலின்கண் ஞாயிற்றை நோக்கினாரும், வைகைக் கரையிற் கல்லைப் படித்தாரும், பொட்டிப்புரத்து மலையை அகழ விழைந்தாரும், அம்மலைக்காக அஞ்சினாரும் அவ்வறிவிற் பங்குடையாரே. அவர்பால் நாம் கேட்டற்குரியன கேட்டு, கூறற்குரியன கூறி, வரம்பறிந்து ஒழுகுவோமாக. அங்ஙனம் ஒழுகுதற்குத் திருவருள் முன்னிற்பதாக.